டெஸ்க்டாப்பில் வைஃபை காணவில்லையா? எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது. கனெக்‌ஷன் பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள் கொடுப்பது. கம்ப்யூட்டர் பெரும்பாலும் கோவையிலோ பொள்ளாச்சியிலோ வாங்கியது. இரண்டும் சேராதபோது, கனெக்‌ஷன்காரர் கம்ப்யூட்டரைக் குறை சொல்கிறார், கடைக்காரர் கனெக்‌ஷனைக் குறை சொல்கிறார். நடுவில் நிற்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் டெஸ்க்டாப்புக்கு மட்டும். லேப்டாப்புக்குப் பாதிதான் பொருந்தும்.

அக்கா, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாந்தோம். கீழே மூலையில வைஃபை சின்னமே காணோமுங்க. செல்லுல நெட் நல்லா வருது, இதுல மட்டும் ஏன் வரலை?

பல டெஸ்க்டாப்புகளில் வைஃபை கருவியே இருக்காது. லேப்டாப்பிலும் செல்போனிலும் அது பிறவியிலேயே உண்டு என்பதால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சிபியு பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளுக்குப் பக்கத்தில், மறை போட்ட சின்னப் பித்தளை முனைகள் இரண்டு இருந்தால் போர்டிலேயே வைஃபை உண்டு. கொஞ்சம் கீழே, கார்டுகள் வரும் இடத்தில் அதே மாதிரி முனைகள் இருந்தால் தனிக் கார்டு போட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை, யுஎஸ்பியில் சொருகும் குட்டி வைஃபை கருவியான டாங்கிளும் இல்லை என்றால், பழுது எதுவும் கிடையாது, கருவியே இல்லை. டாங்கிளோ கார்டோ வாங்க வேண்டும், அல்லது மோடத்திலிருந்து லேன் கேபிள் இழுக்க வேண்டும்.

முனைகள் இருக்கின்றன, ஆன்டெனா மட்டும் இல்லை என்றால் கடைக்குப் போன் போட்டு மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கேளுங்கள். ஆன்டெனா அதற்குள்தான் வரும். அசெம்பிள் செய்துதரும் கடைகளில் அந்தப் பெட்டி ஒரு மூலையில் தங்கிப்போவது வழக்கம். ஆன்டெனா இல்லாவிட்டாலும் கருவி தெரியும். ஆனால் மோடம் பக்கத்திலேயே இருந்தால்தான் சிக்னல் எடுக்கும். இன்னொன்று: ஒரே பெயரில் இரண்டு வகை மதர்போர்டு விற்கிறது, பெயரின் கடைசியில் வைஃபை என்று ஒட்டியதும் ஒட்டாததும். பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கழட்டாம, உள்ளே வைஃபை இருக்குதா இல்லையான்னு எப்படிங்க பார்க்கிறது?

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். வயர்லெஸ், வைஃபை, 802.11 என்ற சொற்களில் ஏதாவது ஒன்று உள்ள பெயர் வேண்டும். ரியல்டெக் ஜிபிஇ என்று இருப்பது லேன் போர்ட். வேன் மினிபோர்ட் என்று வரிசையாக இருப்பவை விண்டோஸ் தானே வைத்திருப்பவை. அவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த ஒரு ஜன்னலில் என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் மீதி எல்லாம். பெயரே இல்லை என்றால் கம்ப்யூட்டர் கருவியையே பார்க்கவில்லை: கருவி இல்லை, சரியாக உட்காரவில்லை, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னே திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது செத்துவிட்டது. அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் குறியோடு நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று இருந்தால் கருவி உயிரோடு இருக்கிறது, அதை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர்தான் இல்லை. அதைத் திறந்தால் கோட் 28 என்று சொல்லும். பெயர் சரியாக இருந்து மஞ்சள் குறியோடு கோட் 10 அல்லது 43 வந்தால் டிரைவர் இருக்கிறது, கருவி கிளம்ப மறுக்கிறது. கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கோட் 22. ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். எந்தக் குறியும் இல்லாமல் பெயர் சுத்தமாக இருந்தால் கருவியில் குறை இல்லை, நெட்வொர்க் பக்கம் தேட வேண்டும்.

மேலே வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் என்று ஒன்று உண்டு. அதை அழுத்தியதும் வைஃபை பெயர் மங்கலாகத் தெரிந்தால், முன்பு இருந்தது, இப்போது தொடர்பில் இல்லை என்று பொருள். எனக்குப் போன் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஜன்னலின் போட்டோவைத்தான். எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமல் புது டாங்கிள் வாங்கப் பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. கையிலிருக்கும் கருவி நன்றாகவே இருந்து, ஒரு டிரைவர் மட்டும் வேண்டியதாக இருந்திருக்கும்.

டிரைவர் இல்லைன்னு காட்டுது. டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும். என்னதானுங்க பண்றது?

செல்போனே வழி. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போனில் செட்டிங்ஸ் போய், ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். வெறும் ஹாட்ஸ்பாட் உதவாது. அதைப் பிடிக்கவே வைஃபை வேண்டுமே. டெதரிங் போட்டதும் விண்டோஸ் 10, 11 இரண்டும் போனை லேன் கனெக்‌ஷன் என்று நினைத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கம்ப்யூட்டருக்குப் போகும், மொபைல் டேட்டாகூடச் செலவாகாது.

டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற, டேட்டா கம்பி இல்லாத கேபிள்கள் சந்தையில் நிறைய. நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிரைவர் இருக்கிறதா பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஐபோன் என்றால் ஆப்பிளின் சொந்த டிரைவர் கம்ப்யூட்டரில் முதலிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டில் வேறு யாருடைய ஆண்ட்ராய்டு போனையாவது வாங்கிக்கொள்வது சுலபம்.

அப்டேட்ல வரலைங்க. டாங்கிள் மேல கம்பெனி பேரே இல்லை. எந்த டிரைவர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெளியே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் யாருடையது என்பதுதான் கணக்கு. டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் குறி வரியைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போர்டில் உள்ளதோ கார்டோ என்றால் முதல் பகுதியில் வரும் எண் கம்பெனியைச் சொல்லும்: 8086 இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக், 168சி ஏத்தெரோஸ். யுஎஸ்பி டாங்கிள் என்றால் 0பிடிஏ ரியல்டெக், 148எஃப் ராலிங்க், 2357 டிபி-லிங்க். அடுத்து வரும் எண் மாடல். இரண்டையும் சேர்த்து அப்படியே தேடினால் சிப் பெயர் கிடைத்துவிடும்.

பெயர் உள்ள கம்பெனி டாங்கிளாக இருந்தாலும் ஒட்டியிருக்கும் சீட்டில் வி1, வி2, வி3 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். மாடல் பெயர் ஒன்றே, பதிப்பு மாறும்போது சிப்பையே மாற்றிவிடுகிறார்கள். வி1-க்கான டிரைவர் வி3-இல் ஏறாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் எல்லா டிரைவரையும் நாங்களே தேடித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இலவச சாஃப்ட்வேர்களைத் தொடாதீர்கள். வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடும். மதர்போர்டு கம்பெனி, டாங்கிள் கம்பெனி, இன்டெல் போன்ற சிப் கம்பெனி, இவர்களுடைய சொந்தத் தளம் தவிர வேறு எங்கும் போக வேண்டிய தேவை இல்லை.

டாங்கிளைச் சொருகினா வைஃபை வராம சிடி டிரைவ் மாதிரி ஒண்ணு வருதுங்க. மாத்திக் கொடுத்துட்டாங்களா?

இல்லை, சரியான பொருள்தான். சிடி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர்களுக்காக, டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள். முதலில் சொருகும்போது அது தன்னை ஒரு டிஸ்க் என்று அறிமுகம் செய்துகொள்ளும். அந்த டிரைவைத் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் டிரைவர் ஏறும். அதன்பிறகு டாங்கிள் தன் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபை கருவியாக மாறிவிடும். செட்டப் ஓடிய பிறகும் மாறவில்லை என்றால் அந்த டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள்.

முன்னாடி போர்ட்ல சொருகினா சில நேரம் தெரியுது, சில நேரம் காணோம். டாங்கிள் போச்சா?

முதலில் பின்பக்கத்து போர்ட்டில் சொருகிப் பாருங்கள். அது நேராக மதர்போர்டிலேயே இருக்கிறது. முன்பக்கத்து போர்ட் ஒரு நீள வயர் வழியாகப் போகிறது. அந்த வயர் மட்டமானதாகவோ தளர்வாகவோ இருந்தால் டாங்கிளுக்குப் போதிய கரண்ட் போகாது. யுஎஸ்பி ஹப்பில் பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துச் சொருகுவதும் அதே கதைதான். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900.

டாங்கிள் தெரிகிறது, ஆனால் நெட்வொர்க் வந்து வந்து போகிறது என்றால் காரணம் வேறு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் சொருகிய ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் டாங்கிள் 2.4-இல் ஓடுவதாக இருந்தால், கறுப்பு நிற 2.0 போர்ட்டில், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் வைத்துச் சொருகி, டாங்கிளை மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவர் ஓரம் ஒளிந்திருக்கும் டாங்கிளுக்கு எவ்வளவு நல்ல மோடம் வைத்தாலும் சிக்னல் கிடைக்காது.

நேத்து வரைக்கும் வந்துச்சுங்க. கரண்ட் போய் வந்ததும் வைஃபை பேரே காணோம்.

மழைக்காலத்தில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஷட்டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கரண்ட் விட்டு விட்டு வரும்போது வைஃபை சிப் பாதி விழித்த நிலையில் மாட்டிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் கோட் 10 என்றோ 43 என்றோ வரும், அல்லது பெயரே மறைந்துவிடும். இன்டெல், மீடியாடெக் சிப்கள் இரண்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. ஷட்டவுன் செய்யுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்குங்கள். சிபியுவின் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில நிமிடம் கழித்துக் கேபிளைச் சொருகி ஆன் செய்யுங்கள். வெறும் ரீஸ்டார்ட்டிலோ ஷட்டவுனிலோ இது நடக்காது. ஷட்டவுன் என்று நாம் நினைப்பதுகூட முழு ஷட்டவுன் அல்ல: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருந்தால், விண்டோஸ் தன் பாதி நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். டிரைவரின் கோளாறும் அதோடு சேர்ந்தே திரும்பி வரும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் பற்றிய பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? அப்படியானால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் வைஃபை வந்தாலும் பல தளங்கள் பாதுகாப்பு இல்லை என்று திறக்க மறுக்கும். பயாஸில் நீங்கள் மாற்றி வைத்ததும் அழிந்துபோகும்.

பயாஸ்ல போய்ப் பார்க்கச் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குது அக்கா.

பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். அட்வான்ஸ்டு என்ற பகுதியில் ஆன்போர்டு டிவைசஸ் போன்ற ஒரு தலைப்பு இருக்கும். அங்கே வைஃபை கன்ட்ரோலர் டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். வேறு எதையும் மாற்றிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். முனைகள் இல்லாத போர்டில் பெரும்பாலும் இந்த வரியே இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐப்பசி மழையில இடி விழுந்துச்சுங்க. அதுக்கப்புறம் லேனும் இல்லை, வைஃபையும் இல்லை. போர்டையே மாத்தணுமா?

துலாவர்ஷத்து இடி இந்தப் பக்கம் பொல்லாதது. மேலே சொன்ன மின்சாரம் வடிக்கும் வேலையை முதலில் செய்யுங்கள், பயாஸையும் பாருங்கள். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் இன்னொரு சோதனை உண்டு: ஒரு பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் ஓ.எஸ்.) போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து, இன்ஸ்டால் செய்யாமல் ட்ரை உபுண்டு என்பதை மட்டும் கொடுங்கள். அதிலும் லேன், வைஃபை இரண்டும் தெரியவில்லை என்றால் விண்டோஸ் மேல் தப்பில்லை, கருவிதான் அடிபட்டிருக்கிறது.

அதற்காக உடனே போர்டு மாற்ற வேண்டியதில்லை. மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, யுஎஸ்பி போர்ட்டுகளும் நன்றாக இருக்கின்றன என்றால் ஒரு டாங்கிளே போதும். தெரிந்தவரிடம் ஒன்றைக் கடன் வாங்கிச் சொருகிப் பார்த்துவிட்டு, வேலை செய்தால் மட்டும் வாங்குங்கள். பிறகு பயாஸில் பழைய லேனையும் வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். செத்த கருவியைத் தேடி விண்டோஸ் தடுமாறாது.

ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்த மின்சாரம், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கேபிளின் செம்பு வழியாக உள்ளே போய்விடும். இடி கேட்டதும் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லேன் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதையும் பிடுங்குங்கள். கேபிள் டிவி வயர் மோடத்தில் ஏறியிருந்தால் அதையும்.

கோயமுத்தூர்ல கார்டு வாங்கி உள்ளே போட்டேன். வைஃபை வந்திருச்சு, புளூடூத் மட்டும் காணோம்.

கார்டோடு ஒரு மெல்லிய வயர் வந்திருக்கும், தேவையில்லை என்று அட்டைப்பெட்டியிலேயே விட்டிருப்பீர்கள். இந்தக் கார்டுகளில் வைஃபை, ஸ்லாட் வழியாகப் பேசுகிறது. புளூடூத் யுஎஸ்பி வழியாகப் பேசுகிறது. அந்த வயரின் ஒரு முனை கார்டில், இன்னொரு முனை மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் உள்ள யுஎஸ்பி 2.0 இடத்தில் சொருக வேண்டும். ஊசி வளையாமல், திசை பார்த்துச் சொருகுங்கள். பல பெட்டிகளில் முன்பக்கத்து யுஎஸ்பி ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்திருக்கும். இரண்டாவது இடம் போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கிறதா பாருங்கள்.

வைஃபையே தெரியவில்லை என்றால் கார்டை எடுத்து மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். சின்னக் கார்டைச் சின்ன ஸ்லாட்டில்தான் போட வேண்டும் என்றில்லை, கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டிலும் வேலை செய்யும். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு ஸ்லாட் தானாக அணைந்துவிடும். போர்டின் கையேட்டில் அது எழுதியிருக்கும்.

பழைய லேப்டாப்ல இருந்து குட்டி வைஃபை கார்டைக் கழட்டி டெஸ்க்டாப் போர்டுல போட்டேன். கனகச்சிதமா உட்காருது, ஆனா காட்டவே மாட்டேங்குது.

உட்காருவதால் மட்டும் பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்டெல் கார்டுகளில் இரண்டு வகை. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுக் கார்டுகள். வேண்டியதெல்லாம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது, ஏஎம்டி போர்டிலும் ஓடும். 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படி அல்ல. இவற்றின் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பது ரேடியோ பகுதி மட்டும். சிஎன்விஐ என்று இதைச் சொல்கிறார்கள். அதை ஆதரிக்கிற இன்டெல் போர்டு இல்லாமல் இவை தெரியவே தெரியாது. டிரைவர் மாற்றியும் பயாஸ் மாற்றியும் பயனில்லை.

பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஏஎக்ஸ் வரிசையில் கடைசி எண் மட்டும் 0, 1 என்று மாறும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏஎக்ஸ்201-ஐ வாங்கி ஏஎம்டி போர்டில் போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் சீட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

எல்லாம் சரியா இருக்குதுங்க. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வரிசையா தெரியுது, எங்க வீட்டுது மட்டும் தெரியலை.

அப்படியென்றால் கருவி நன்றாக இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன, எந்தக் குறியும் இல்லாத நிலை இது. மலிவான, 150 என்று போட்ட டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். உங்கள் மோடம் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பெயரை ஒலிபரப்பினால் அதற்குக் காது கிடையாது. மோடத்தில் 2.4-ஐ ஆன் செய்யச் சொல்லுங்கள்.

2.4 ஆன் ஆகியிருந்தும் தெரியவில்லையா? சேனல் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த டாங்கிள்கள் 11-க்கு மேல் தேடாது. மோடம் தானாக 12-க்கோ 13-க்கோ தாவிய நாளில் நெட்வொர்க் மறைந்து, இன்னொரு நாள் தானாக வந்து நிற்கும். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிலையாக வைத்துவிட்டால் தொல்லை தீரும். பாதுகாப்பு டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய டாங்கிள்கள் சேராது. டபிள்யுபிஏ2-வும் கலந்த நிலையை வையுங்கள்.

எந்த நெட்வொர்க்குமே தெரியலைன்னா?

டாஸ்க்பாரில் ஏர்பிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், சில கீபோர்டுகளில் கை தவறிப் பட்டாலே ஆகிவிடும். அடுத்து சர்வீசஸ் ஜன்னலில் டபிள்யுலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுகிறதா, தானாகக் கிளம்பும்படி வைத்திருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, ஆன்டெனா.

பிள்ளை ஸ்கூல்ல படிக்கிற மாதிரியே வீட்டிலும் உபுண்டு போட்டோம். விண்டோஸ்ல ஓடின டாங்கிள் இதுல காணோம்.

கேரளத்தின் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் மீடியம் உட்படப் பிள்ளைகள், மாநிலக் கல்வித்துறையின் கைட் அமைப்பு தரும் உபுண்டு அடிப்படையிலான ஓ.எஸ்.ஸில்தான் படிக்கிறார்கள். வீட்டிலும் அதையே வைத்துக் கொடுப்பது நல்ல காரியம், டாங்கிளுக்காக அதைக் கைவிட வேண்டாம். லினக்ஸில் டிரைவர்கள், ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வரும். அதனால் கெர்னல் எவ்வளவு புதிது என்பதே முக்கியம். எடுத்துக்காட்டாக, இங்கே அதிகம் விற்கும் ரியல்டெக் 8811சியு, 8821சியு சிப்களுக்கு 6.2 கெர்னலிலிருந்துதான் ஆதரவு சேர்ந்தது. உபுண்டு 22.04 முதலில் வந்தபோது அதிலிருந்தது 5.15. செல்போன் டெதரிங்கில் நெட் கொடுத்து, புதுக் கெர்னலுக்கு அப்டேட் செய்தாலே பல டாங்கிள்கள் தெரிய ஆரம்பித்துவிடும். மீடியாடெக் 7601யு சிப் உள்ள பழைய டாங்கிள் என்றால் அந்தக் கஷ்டமே இல்லை, 4.2 கெர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. பிராட்காம் கார்டு என்றால் நெட் கொடுத்து, அடிஷனல் டிரைவர்ஸ் என்ற ஜன்னலைத் திறந்தால் அதுவே எடுத்துக் காட்டும்.

சிப் எது என்று பார்க்க டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்று, எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தாக, இடைவெளி விடாமல் தட்டுங்கள். கார்டு என்றால் எல்எஸ்பிசிஐ. முன்னே சொன்ன அதே எண்கள் இங்கேயும் வரும். சிடி டிரைவ் வேஷம் போடும் டாங்கிள் என்றால் ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க்கை இஜெக்ட் செய்து பாருங்கள். வெளியிலிருந்து எடுத்த டிரைவரைப் போட்டும் ஏறவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கலாம். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை அது தடுத்துவிடும்.

கனெக்‌ஷன் கேரளாவுது, டாங்கிள் தமிழ்நாட்டுல வாங்கினது. அதனாலதான் சேரலைன்னு சொல்றாங்களே?

அப்படி ஒன்றும் இல்லை. வைஃபை விதி இந்தியா முழுவதும் ஒன்றுதான். வாளையாறு தாண்டினால் மாறாது. மாறுவது வாரன்டிக்கு அலையும் தூரம் மட்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், சர்வீஸ் சென்டர் பாலக்காட்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அப்பாவோட பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. புது டாங்கிள் எதைப் போட்டாலும் தெரியலை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த பல சிப்களுக்கு அதில் டிரைவரே எழுதப்படவில்லை. கருவி நல்லதுதான், பேச மொழி இல்லை. விண்டோஸ் 7 டிரைவர் உண்டு என்று பெட்டியில் அச்சிட்ட பழைய மாடல் டாங்கிள் வேண்டும். கணக்கு வழக்கு, பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டர் என்றால் அதையும் செய்யாதீர்கள், விண்டோஸ் 7-ஐயே மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் பொது ஆதரவு முடிந்துவிட்டது. பழைய பெட்டிக்கு விண்டோஸ் 11 ஏறாவிட்டால் மேலே சொன்ன உபுண்டு பெரும்பாலும் ஏறும்.

எல்லாம் பார்த்தாச்சுங்க, ஒண்ணும் ஆகலை. இனி எதைத்தான் வாங்குறது?

கம்ப்யூட்டர் மோடத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், லேன் கேபிள். டிரைவர் தொல்லை இல்லை, வேகமும் முழுதாக வரும். தூரம் அதிகம் என்றால், ஏசி600 போன்ற, 2.4-ம் 5-ம் இரண்டும் எடுக்கும் டாங்கிள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவோடு. நகம் அளவு டாங்கிள் பார்க்க அழகு, ஆனால் கனமான சுவர் உள்ள பழைய வீடுகளில் திணறும். பெட்டியைத் திறக்கத் தயங்காதவர் ஏஎக்ஸ்210 உள்ள கார்டு போடலாம், ஏஎம்டியோ இன்டெலோ கவலை இல்லை. விண்டோஸ் என்றால் 10-ஓ 11-ஓ இருக்க வேண்டும்.

எந்த டாங்கிளும் ஒத்துவராத பிடிவாதமான கம்ப்யூட்டர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. லேன் போர்ட் உள்ள வைஃபை ரிப்பீட்டரை, அல்லது வீட்டில் சும்மா கிடக்கும், கிளையன்ட் மோட் உள்ள பழைய ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளும்; அதிலிருந்து அரை மீட்டர் லேன் கேபிள் கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் லேன் மட்டுமே, வைஃபை டிரைவரே தேவையில்லை. விண்டோஸ் 7-ஆனாலும் உபுண்டுவானாலும் ஓடும். இடியில் லேன் போர்ட் போன கம்ப்யூட்டருக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு ஒரு யுஎஸ்பி-லேன் அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும். செட்டிங் போடும்போது ரிப்பீட்டரை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டு, சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு எடுத்துப் போங்கள்.